நம் நகரின் நான்கு திடல்கள்

அப்போஸ்தலர் நடபடிகள் 19-ஆம் அதிகாரத்தில் எபேசு பட்டணத்தின் அரங்கசாலை வருகிறது. வெள்ளி வேலைக்காரனான தெமேத்திரியு கிளப்பிவிட்ட கோபத்தில் பட்டணம் முழுவதும் கலங்கி, பவுலின் வழித்துணைகளான காயுவையும் அரிஸ்தர்க்குவையும் இழுத்துக்கொண்டு அந்த அரங்கசாலைக்குள் பாய்ந்தது. அதன் இடிபாடுகளை இன்றும் துருக்கி நாட்டில் பார்க்கலாம். சுமார் 25,000 பேர் அமரக்கூடிய இடம் என்று கணித்திருக்கிறார்கள். அங்கே நடந்ததை எழுதும்போது லூக்கா ஒரு விவரத்தையும் சேர்க்கிறார். கூடியிருந்தவர்களில் பெரும்பாலோருக்கு எதற்காகக் கூடினோம் என்றே தெரியவில்லையாம். ஆனாலும் இரண்டு மணி நேரம் சத்தமிட்டார்கள். கடைசியில் பட்டணத்துச் சம்பிரதி எழுந்து பேசி, கூட்டத்தை அமர்த்திக் கலைத்து அனுப்பினான். அன்று எல்லாரும் உயிரோடு வீடு திரும்பினார்கள்.

இந்தப் பகுதியை வாலிபர் ஐக்கியத்தின் வேதபாடத்தில் படித்தபோது எங்களுக்குள் ஒரு பேச்சு எழுந்தது. நம் சிங்கப்பூரில் ஆயிரக்கணக்கானோர் கூடும் இடங்கள் எவை? முதலில் நினைவுக்கு வந்தவை விளையாட்டுத் திடல்கள்தான். நம்மில் பலர் அவற்றில் பந்து உதைத்திருக்கிறோம், பள்ளிப் போட்டிகளில் ஓடியிருக்கிறோம், தேசிய தினத்தன்று கொடி அசைத்திருக்கிறோம். ஆனால் அந்தப் புல்தரையில் நமக்கு முன் யார் நின்றார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. ஆகவே பள்ளி விடுமுறை நாள் ஒன்றில் பாடாங், ஃபேரர் பார்க், ஜாலான் பெசார், காலாங் ஆகிய நான்கு இடங்களையும் சென்று பார்த்தோம். ஒவ்வொரு திடலிலும் இரண்டு கேள்விகளைக் கேட்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டோம். இங்கே மக்களைக் கூட்டியது யார், எதற்காக? கூடியவர்கள் வீடு திரும்பினார்களா?

பாடாங்: இரண்டு முனைகளும் நடுவில் ஒரு புல்வெளியும்

நகர மண்டப எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெளியே வந்தால் முதலில் கண்ணில் படுவது செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம். 1862-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட இந்த ஆலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கே தண்டனை அனுபவித்த கைதிகள். அதைக் கடந்து சாலையைத் தாண்டினால் பாடாங். மலாயில் பாடாங் என்றாலே திடல்தான்.

திடலின் ஒரு முனையில் 1852-இல் தொடங்கிய சிங்கப்பூர் கிரிக்கெட் கிளப். மறுமுனையில் 1883-இல் யுரேஷியர்கள் தொடங்கிய சிங்கப்பூர் பொழுதுபோக்கு மன்றம். காலனி ஆட்சிக் காலத்தில் கிரிக்கெட் கிளப் வெள்ளையருக்கு உரியதாக இருந்தது. யுரேஷியர் தங்களுக்கென்று தனி மன்றம் வைத்துக்கொண்டார்கள். இந்தியர்களுக்கும் இலங்கைத் தமிழர்களுக்கும் இந்த இரண்டு முனைகளிலும் இடமில்லை. அவர்கள் பிற்காலத்தில் பாலஸ்டியர் பகுதியில் தங்கள் திடல்களை அமைத்துக்கொண்டார்கள். இந்தியர் சங்கம் 1923-இலும் சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப் 1928-இலும் உருவானவை. ஆட்டத்தின் விதிகள் எல்லாருக்கும் ஒன்றாக இருந்தாலும், ஆடும் இடம் இனவாரியாகப் பிரிந்தே கிடந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் 1942-இல் நடந்தது புரியும்.

அந்த ஆண்டு பிப்ரவரி 15 சீனப் புத்தாண்டின் முதல் நாள். அன்றுதான் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது. போர்க்காயம் பட்டவர்களால் நிறைந்து பேராலயம் அவசர மருத்துவமனையாக மாறியிருந்தது. இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17-இல், ஐரோப்பியக் குடிமக்கள் அனைவரும் பாடாங்கில் கூட வேண்டும் என்று உத்தரவு வந்தது. கிரிக்கெட் ஆடியவர்களும் அந்த ஆட்டத்தைத் தேநீரோடு பார்த்து ரசித்தவர்களும் அதே புல்லில் மூட்டை முடிச்சுகளோடு வெயிலில் நின்றார்கள். பெயர்கள் எழுதப்பட்டன. பிறகு அவர்கள் கிழக்கு நோக்கி நடத்திச் செல்லப்பட்டார்கள். சாங்கி சிறையின் வாசல் அவர்களுக்குப் பின்னால் மூடியது. போர் முடியும்வரை ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள் சிறைவாசம். அதில் பலர் மாண்டுபோனார்கள்.

மறு ஆண்டு, 1943 ஜூலை 5-இல், அதே திடலில் சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பை ஏற்றார். டெல்லிக்குப் புறப்படுங்கள் என்று அவர் அன்று கொடுத்த முழக்கத்தை நம் தாத்தா பாட்டிகளில் சிலர் கதையாகச் சொல்லக் கேட்டிருப்போம். அந்த அழைப்பைக் கேட்டு மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளிகள் திரளாக வந்து சேர்ந்தார்கள். பால்வெட்டும் கத்தி பிடித்த கைகள் துப்பாக்கி பிடித்தன. சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்துவந்த லட்சுமி, ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றார். பர்மாப் போர்முனைக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. அந்தப் படையில் உயிர்நீத்தவர்களுக்காகத் திடலுக்கு எதிரே கடலோரம் எழுப்பப்பட்ட நினைவுச்சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் 1945-இல் தகர்த்தார்கள். அது இருந்த இடத்தை அறிவிக்கும் பலகை ஒன்று இன்று எஸ்பிளனேட் பூங்காவில் இருக்கிறது. நடைப்பயிற்சி செய்கிறவர்கள் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். நின்று வாசியுங்கள்.

பாடாங்கில் மகிழ்ச்சியான நாட்களும் உண்டு. 1945 செப்டம்பர் 12-இல் எதிரே இருக்கும் நகர மண்டபத்தில் ஜப்பானியர் சரணடைந்தபோது திடலைச் சுற்றி மக்கள் திரண்டார்கள். 1959 டிசம்பர் 3-இல் யூசோஃப் இஷாக் நாட்டின் தலைவராகப் பதவி ஏற்றபோது நம் கொடியும் நாட்டுப்பாடலும் இங்கேதான் அறிமுகமாயின. 1966 ஆகஸ்ட் 9-இல் முதல் தேசிய தின அணிவகுப்பு. 1968-இல் அணிவகுப்பு நேரத்தில் பெருமழை கொட்டியும் மாணவர்கள் உட்பட யாரும் வரிசையைவிட்டு விலகாமல் நின்றார்கள். சரியாக 2022 தேசிய தினத்தன்று பாடாங் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. மேலே கட்டடம் ஏதும் இல்லாத ஒரு புல்வெளிக்கு அந்தத் தகுதி கிடைத்ததை நாங்கள் முக்கியமாகக் கருதினோம். அங்கே பாதுகாக்கப்படுவது மக்கள் கூடிய நினைவு.

ஃபேரர் பார்க்: ஒரு நாளில் ஒரு தெரிவு

தேக்காவுக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் ரேஸ் கோர்ஸ் சாலையைத் தெரியும். பெயருக்கு ஏற்றபடி 1840-களிலிருந்து 1933 வரை அங்கே குதிரைப் பந்தயம் நடந்தது. 1911 மார்ச் 16-இல் ஜோசப் கிறிஸ்டியான்ஸ் என்ற பெல்ஜிய நாட்டு விமானி சிங்கப்பூரின் முதல் விமானத்தை இந்தத் திடலிலிருந்துதான் பறக்கவிட்டார். பந்தயம் புக்கித் தீமாவுக்கு இடம் மாறிய பிறகு, திடல் பொதுமக்களின் விளையாட்டு மைதானமானது. நகராட்சித் தலைவராக இருந்த ஃபேரர் என்பவரின் பெயர் அதற்கு நிலைத்தது.

ஐரோப்பியர் பாடாங்கில் நின்ற அதே பிப்ரவரி 17-இல், பிரிட்டிஷ் படையில் பணியாற்றிய இந்தியச் சிப்பாய்கள் ஃபேரர் பார்க்கில் கூட வேண்டும் என்று உத்தரவு வந்தது. 40,000-க்கும் மேற்பட்டோர் வந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஒரு பிரிட்டிஷ் அதிகாரி வந்து, இனி நீங்கள் ஜப்பானியரின் ஆணைக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று சொல்லி அவர்களை ஒப்படைத்துவிட்டுப் போனார். பிறகு ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாரா பேசினார். அவருடைய பேச்சு ஜப்பானிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்திலிருந்து இந்துஸ்தானிக்கும் மொழிபெயர்க்கப்பட்டது. அடுத்துப் பேசியவர் பஞ்சாப் படைப்பிரிவின் கேப்டன் மோகன் சிங். இந்தியாவின் விடுதலைக்காக ஒரு புதிய படையில் சேருங்கள் என்று அவர் அழைத்தார்.

அந்தச் சிப்பாய்களின் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்க முயன்றோம். எடுத்த சத்தியம் ஒரு பக்கம். அடிமைப்பட்ட தாய்நாடு இன்னொரு பக்கம். உங்களைப் பாதுகாப்போம் என்று சொன்னவர்களே உங்களைக் கைமாற்றிவிட்டுப் போகிறார்கள். புதிய எஜமானின் கருணை எப்படிப்பட்டது என்று தெரியாது. ஊரில் உள்ள மனைவி மக்களுக்குக் கடிதம் எழுத வழியில்லை. சிலர் மனப்பூர்வமாகவும் சிலர் சிறைமுகாமின் கொடுமைக்குப் பயந்தும் சேர்ந்தார்கள். வேறு சிலர் கொடுத்த வாக்கை மீற முடியாது என்று மறுத்தார்கள். மறுத்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் நியூ கினி முதலான தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டு, பசியிலும் நோயிலும் அடியிலும் செத்தார்கள். சேர்ந்தவர்களிலும் ஏராளமானோர் ஊர் திரும்பவில்லை. இவர்களில் யாரைக் குறை சொல்வது என்று நாங்கள் நெடுநேரம் பேசினோம். ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. ஆனால் அத்தனை பேரையும் ஒரே திடலில் நிறுத்தி, அப்படிப்பட்ட ஒரு தெரிவை அவர்கள் தலையில் சுமத்தியது போர் என்பதில் எல்லாருக்கும் உடன்பாடு இருந்தது.

போருக்குப் பின் ஃபேரர் பார்க் மீண்டும் விளையாட்டுக்குத் திரும்பியது. அங்கே பயிற்சி செய்து உயர்ந்தவர்களில் ஒருவர் கனகசபை குணாளன். பள்ளி ஆசிரியர். காற்பந்து ஆடிக்கொண்டிருந்தவரின் வேகத்தைக் கண்ட பயிற்றுநர் டான் எங் யூன் அவரை ஓட்டத்துக்கு அழைத்துவந்தார். 1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் 100 மீட்டர் ஓட்டத்தில் குணாளன் வெள்ளி வென்றார். தங்கம் வென்றவர் மலேசியாவின் மணி ஜெகதீசன். ஆசியாவின் வேகமான இரண்டு மனிதரும் அன்று தமிழ்ப் பெயர் கொண்டவர்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் குணாளன் 10.38 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 33 ஆண்டுகள் நின்றது. 2001-இல் யு.கே. ஷியாம் 10.37 விநாடியில் ஓடி, ஒரு விநாடியின் நூற்றில் ஒரு பங்கு வித்தியாசத்தில் அதை முறியடித்தார்.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது ஓட்டப்பந்தயத்தை உவமையாக எடுத்தது நமக்குத் தெரியும். கொரிந்துவுக்கு அருகில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மியப் போட்டிகள் நடந்தன. ஜெயித்தவனுக்குப் பரிசு இலைகளால் முடைந்த ஒரு கிரீடம், அவ்வளவுதான். சில நாளில் வாடிவிடும். குணாளனின் கிரீடம் வாட 33 ஆண்டுகள் ஆயிற்று. ஆனால் அதற்குள் அவர் உடற்கல்வி விரிவுரையாளராகி, ஒரு தலைமுறை ஆசிரியர்களை உருவாக்கியிருந்தார்.

ஃபேரர் பார்க்கைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் நகரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அந்த வட்டாரத்துப் புல்தரைகளில் தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்த ஊழியர்கள் நண்பர்களோடு அமர்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு அது. 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் ஊழியர்களைத் தங்குமிடத்துக்கு ஏற்றிச்செல்லும் பேருந்து ஒன்றின் அடியில் சிக்கித் தமிழ்நாட்டைச் சேர்ந்த 33 வயது தொழிலாளி ஒருவர் இறந்தார். அதைத் தொடர்ந்து வெடித்த கலவரம் உலகச் செய்தியானது. கலவரத்தைப் பற்றி எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அந்த இரவு வீடு திரும்பாத மனிதரைப் பற்றி நம்மில் பலருக்கு நினைவில்லை. அவர் பேசியது நம் மொழி.

ஜாலான் பெசார்: ஒரு முத்திரையின் விலை

ஜாலான் பெசார் விளையாட்டரங்கம் 1929 டிசம்பர் 26-இல், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், திறக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் சிங்கப்பூர் காற்பந்தின் தாய்வீடு இதுதான். எச்எம்எஸ் மலாயா என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் 1921-இல் பரிசளித்த கோப்பைக்காக மலாயா மாநிலங்களும் சிங்கப்பூரும் மோதும் ஆட்டங்களை இங்கே கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். முதல் கோப்பையை வென்றதும் சிங்கப்பூர்தான்.

1942 பிப்ரவரி மாத இறுதியில் இந்த அரங்கத்தின் கதவுகள் வேறு காரணத்துக்காகத் திறந்தன. 18 முதல் 50 வயது வரையிலான சீன ஆண்கள் குறிப்பிட்ட இடங்களுக்கு வந்து தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஜப்பானிய ராணுவம் அறிவித்தது. அந்த இடங்களில் ஜாலான் பெசாரும் ஒன்று. வெயிலிலும் பனியிலும் நாட்கணக்கில் உட்கார வைக்கப்பட்டார்கள். உணவு சரியாகக் கிடைக்கவில்லை. விசாரணை என்ற பெயரில் நடந்ததற்கு ஒரு ஒழுங்கும் இல்லை. ஒரு கேள்வி, ஒரு பார்வை, முகமூடி அணிந்த ஒருவனின் தலையசைப்பு, இவற்றால் ஒரு மனிதனின் விதி தீர்ந்தது. தப்பியவர்களுக்குச் சோதிக்கப்பட்டவர் என்ற முத்திரை. காகிதம் கிடைக்காதபோது கையிலோ சட்டையிலோ குத்தினார்கள். அந்த மை அழியாமலிருக்க எத்தனை நாள் அவர்கள் கைகழுவாமல் இருந்திருப்பார்கள் என்று எங்களில் ஒருவர் கேட்டபோது யாரும் பேசவில்லை.

முத்திரை கிடைக்காதவர்கள் லாரிகளில் ஏற்றப்பட்டு சாங்கி, பொங்கோல் முதலான கடற்கரைகளில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சூக் சிங் என்று வரலாற்றில் பெயர் பெற்ற இந்தப் படுகொலையில் இறந்தவர்கள் 5,000 முதல் 6,000 பேர் என்றது ஜப்பானியத் தரப்பு. சீனச் சமூகத்தின் கணக்கு 25,000 முதல் 50,000 வரை போகிறது. அவர்களின் எலும்புகள் பிற்காலத்தில் கண்டெடுக்கப்பட்டு, பீச் ரோட்டில் 1967-இல் திறக்கப்பட்ட குடிமக்கள் போர் நினைவுச்சின்னத்தின் அடியில் வைக்கப்பட்டன. அதன் நான்கு தூண்கள் நான்கு இனத்தாரைக் குறிக்கின்றன.

இப்போது கணக்கைக் கூட்டிப் பாருங்கள். ஐரோப்பியருக்குப் பாடாங், இந்தியச் சிப்பாய்களுக்கு ஃபேரர் பார்க், சீனருக்கு ஜாலான் பெசார். அமைதிக் காலத்தில் இனவாரியாகத் திடல் பிரித்து ஆடிய ஊரை, போர்க் காலத்தில் இனவாரியாகத் திடல் பிரித்தே எண்ணினார்கள். கொடுமை செய்ய வந்தவனுக்கு வேலி போடும் வேலை பாதி மிச்சம். இன்று நாம் சீன, மலாய், இந்திய நண்பர்களோடு ஒரே அணியில் ஆடுகிறோம். இது தானாக வந்த பழக்கம் அல்ல.

பழைய அரங்கம் இடிக்கப்பட்டு, 6,000 பேர் அமரும் புதிய அரங்கம் 2003-இல் அதே இடத்தில் எழுந்தது. இன்றும் அங்கே லீக் ஆட்டங்கள் நடக்கின்றன. நடுவரின் விசில் சத்தத்தைக் கேட்கும்போது கோவிந்தசாமி சுப்பையாவை நினைத்துக்கொள்ளலாம். உலகக் கிண்ணக் காற்பந்தில் நடுவராக நின்ற முதல் சிங்கப்பூரர் அவர்தான். 1974 ஜூன் 19-இல் மியூனிக்கில் போலந்து ஹெய்ட்டியை 7–0 என்று வென்ற ஆட்டத்தை நடத்தியவர் அவர். நடுவரின் அதிகாரம் 90 நிமிடம். தவறு செய்தவனை வெளியே அனுப்பலாம். ஆனால் வெளியே போனவன் அன்று இரவு தன் வீட்டில்தான் படுப்பான். திடலுக்குள் செலுத்தும் அதிகாரத்துக்கு ஓர் எல்லை இருக்க வேண்டும் என்பதை ஜாலான் பெசாரில் நின்றபோது உணர்ந்தோம்.

காலாங்: முழக்கமும் பாட்டும்

நான்காவது இடத்துக்கு வந்தபோது மனம் லேசானது. காலாங்கில் தேசிய விளையாட்டரங்கத்தை 1973 ஜூலை 21-இல் பிரதமர் லீ குவான் இயூ திறந்துவைத்தார். 55,000 பேர் அமரும் அரங்கம். அதைக் கட்டும் பணத்தில் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது தெரியுமா? சட்டவிரோதச் சூதாட்டத்தைக் கட்டுப்படுத்த அரசு 1968-இல் தொடங்கிய சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவனத்தின் லாட்டரிச் சீட்டிலிருந்து. சபை வளர்ப்பில் வந்த நமக்கு இது கொஞ்சம் நெருடும். நெருடட்டும். நாம் அனுபவிக்கும் பொது வசதிகள் பலவற்றின் அடியிலும் இப்படிப்பட்ட கணக்குகள் இருக்கின்றன.

திறந்த சில வாரங்களிலேயே, செப்டம்பரில், தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டிகள் இங்கே நடந்தன. பெண்களுக்கான 200 மீட்டர் ஓட்டத்தில் ஆசிரியையான குளோரி பர்னபாஸும் பர்மிய வீராங்கனையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கோட்டைத் தொட்டார்கள். புகைப்படத்தை வைத்துத்தான் முடிவு சொல்ல வேண்டியிருந்தது. தங்கம் குளோரிக்கு. 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்திலும் அவர் தங்கம் வென்ற அணியில் இருந்தார்.

பிறகு வந்தது காற்பந்துக் காலம். மலேசியக் கிண்ண ஆட்டங்களில் எழுந்த ஆரவாரத்துக்குக் காலாங் முழக்கம் என்றே பெயர் விழுந்தது. 1977 மே 28-இல் கோலாலம்பூரில் பினாங்கை 3–2 என்று வென்று கிண்ணத்தைக் கொண்டுவந்தபோது நாடே கொண்டாடியது. 1993-இல் புருணைக்கு எதிராக வி. சுந்தரமூர்த்தி தலைகீழாகப் பாய்ந்து உதைத்துப் போட்ட கோலை நம் அப்பாக்கள் இன்றும் கைகளை ஆட்டி விவரிப்பார்கள். 1994-இல் பாஹாங்கை 4–0 என்று வென்றதோடு சிங்கப்பூர் அந்தப் போட்டியிலிருந்து பல ஆண்டுகள் விலகியது.

அதே அரங்கில் 1978 டிசம்பரில் பில்லி கிரகாம் ஐந்து நாள் நற்செய்திக் கூட்டம் நடத்தினார். மொத்தம் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அன்றைய சிங்கப்பூரின் மக்கள்தொகை சுமார் 23 லட்சம். நம் சபைகளில் மூத்தவர்கள் பலர் அந்த நாட்களில் பாடகர் குழுவிலோ ஆலோசகர்களாகவோ இருந்தவர்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1986 நவம்பர் 20-இல் போப் இரண்டாம் யோவான் பவுல் இங்கே திருப்பலி நிறைவேற்றினார். லாட்டரிப் பணத்தில் எழுந்த இருக்கைகளில் அமர்ந்து மக்கள் ஜெபித்தார்கள். ஒரு திடலை அதைக் கட்டியவர்களின் நோக்கத்தைக் கொண்டு மட்டும் எடைபோட முடியாது என்பது எங்களுக்கு அங்கே புரிந்தது.

பழைய அரங்கம் 2007-இல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. புதிய அரங்கம் 2014-இல் திறந்தது. அதன் குவிமாடத்தின் அகலம் 310 மீட்டர். நடுவில் தூண் ஏதும் இல்லை. கூரை திறந்து மூடும். ஆட்டத்துக்கு ஏற்ப இருக்கைகள் நகரும். 2024 செப்டம்பர் 12-இல் போப் பிரான்சிஸ் வந்தபோது சுமார் 50,000 பேர் கூடியதும் இங்கேதான். தீவின் பெரிய கட்டுமானங்கள் எல்லாவற்றையும் போல இதிலும் வெளிநாட்டு ஊழியர்களின் உழைப்பு கலந்திருக்கிறது. ஃபேரர் பார்க் புல்லில் அமர்ந்திருப்பவர்களைப் போன்றவர்களின் உழைப்பு அது. 2020-இல் கிருமித்தொற்று அவர்களின் தங்குவிடுதிகளில் பரவியபோது நகரின் சில விளையாட்டுக் கூடங்கள் தொழிலாளர்களுக்குத் தற்காலிகத் தங்குமிடங்களாயின. கூடைப்பந்துக் கோடுகள் வரைந்த தரையில் கட்டில்கள் வரிசையாக நின்றன. அதுவும் ஒரு கூட்டுதல்தான். ஆனால் உயிரைக் காக்க நடந்த கூட்டுதல்.

கல்லைக் கேட்கும் பிள்ளைகள்

யோர்தானைக் கடந்த பிறகு யோசுவா 12 கற்களைக் கில்காலில் நாட்டிய சம்பவத்தை ஞாயிறு பள்ளியில் படித்திருக்கிறோம். பிள்ளைகள் ஒருநாள் கேட்பார்கள், அப்போது பெரியவர்கள் சொல்ல வேண்டும் என்பதற்காக நாட்டிய கற்கள் அவை. நம் நகரிலும் அப்படிப்பட்ட கற்கள் உண்டு. எஸ்பிளனேட் பூங்காவின் பலகை ஒன்று. பீச் ரோட்டின் நான்கு தூண்கள் ஒன்று. பழைய தேசிய விளையாட்டரங்கத்தின் இருக்கைப் பலகைகளில் சில, பொது இடங்களில் பெஞ்சுகளாக மறுவாழ்வு பெற்றிருக்கின்றன. கற்கள் நாட்டப்பட்டுவிட்டன. கேட்கும் பிள்ளைகளும் சொல்லும் பெரியவர்களும்தான் குறைவு.

நான்கு இடங்களையும் பார்த்தபின் எங்கள் இரண்டு கேள்விகளுக்குக் கிடைத்த பதில் இதுதான். ஒரு திடலின் அருமை அதன் புல்லிலோ கூரையிலோ இல்லை. மக்கள் விரும்பி வந்து, மோதி, தோற்று, ஜெயித்து, ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் வீடு திரும்ப முடிவதில் இருக்கிறது. தோற்றவனும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவான், அடுத்த வாரம் மறுபடி வருவான். 1942-இல் நம் ஊர் இழந்தது அதைத்தான். நமக்கு இன்று அது சாதாரணமாகத் தெரிகிறது. அந்தச் சாதாரணத்துக்காகத் தேவனுக்கு நன்றி சொல்லக் கற்றுக்கொள்வோம். இன்னும் அது கிடைக்காதவர்கள் நம் நடுவில் இருந்தால் அவர்களைத் தேடிப் போவோம்.

நீங்களும் போய்ப் பார்க்க விரும்பினால் ஒரு நாள் போதும். காலையில் நகர மண்டப நிலையத்தில் இறங்கிப் பாடாங்கையும் பீச் ரோட்டு நினைவுச்சின்னத்தையும் நடந்தே பாருங்கள். மதியம் தேக்காவில் சாப்பிட்டுவிட்டு ஃபேரர் பார்க் போகலாம். அங்கிருந்து ஜாலான் பெசார் நடக்கும் தூரம்தான். வெயில் தாழ்ந்ததும் ஸ்டேடியம் நிலையத்தில் இறங்கினால் காலாங் ஆற்றின் காற்று காத்திருக்கும். தண்ணீர்ப் போத்தலையும் குடையையும் மறக்க வேண்டாம்.

குழுவாகப் பேசிப் பார்க்க

1. ஃபேரர் பார்க்கில் நின்ற சிப்பாயின் இடத்தில் நீங்கள் இருந்தால் எந்தப் பக்கம் போயிருப்பீர்கள்? உங்கள் பதிலுக்கு எதிரான பதிலையும் நியாயமாக எடுத்துச் சொல்ல முடியுமா?

2. நம் பள்ளியிலும் சபையிலும் விளையாட்டு அணிகள் அமையும்போது யார் தாமாகவே விடுபட்டுப் போகிறார்கள்?

3. உங்கள் வீட்டுப் பெரியவர்களில் 1942-ஐயோ 1978-ஐயோ நினைவில் வைத்திருப்பவர்கள், அல்லது கேட்டு அறிந்தவர்கள், யார்? அடுத்த கூட்டத்துக்கு முன் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டு, அவர் சொன்னதை எழுதிக்கொண்டு வாருங்கள்.